காமிரா வாசலைப் பார்க்கட்டும்

(நம் சங்கத்தின் மும்பை உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. மற்ற நகரங்களில் வசிக்கும் உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



இந்த மேடையில் உபன்யாசமும் பாட்டுக் கச்சேரியும் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்றைக்கு என்னை நிறுத்தி, சுவரில் மாட்டும் காமிராவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. எந்த உறுப்பினரைப் பார்த்தாலும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது. "பொண்ணு கலிஃபோர்னியாவுல இருக்கா, பிள்ளை பெங்களூர்ல இருக்கான். நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கோம். எந்த காமிரா வாங்கலாம், சொல்லுங்கோ!" மின்னணுத் துறையில் உத்யோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இந்த மரியாதை.

எந்த காமிரா என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் அபிப்ராயம். முதல் கேள்வி, எதைப் பார்ப்பதற்கு? இரண்டாவது கேள்வி, யார் பார்ப்பதற்கு? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால், மூன்றாவது கேள்விக்குக் கடைக்காரரே பாதி பதில் சொல்லிவிடுவார். முதல் இரண்டையும் விட்டுவிட்டு வாங்கினால், நல்ல காமிராவும் வீட்டில் நிம்மதியைக் கெடுக்கும்.

வீட்டுக் காமிரா எப்படிப் பிறந்தது என்று சொன்னால் நான் சொல்ல வருவது சுலபமாகப் புரியும். நியூயார்க் நகரத்தில் குவீன்ஸ் என்ற பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ் வசித்தார். அவருக்கும் வேலை நேரம் ஒழுங்காக இருக்காது, எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியனான கணவருக்கும் அப்படியே. பல இரவுகள் அந்த அம்மாள் வீட்டில் தனியாக இருக்க வேண்டியிருந்தது. கூப்பிட்டால் போலீஸ் வர நேரமாகும். ஆகவே இருவரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்து, 1966ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பரில் கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துவாரங்கள். உள்பக்கம் மேலும் கீழும் நகரும் காமிரா. படம் படுக்கை அறையில் உள்ள திரையில் தெரியும். வந்தவரோடு பேச மைக். தெரிந்தவர் என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான். சந்தேகம் என்றால் உதவிக்கு அழைக்க இன்னொரு பொத்தான்.

இதில் இரண்டு விஷயங்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, காமிரா வெளியே பார்க்கிறது. இரண்டு, திரையும் பொத்தானும் வீட்டில் இருப்பவர் கையில் இருக்கின்றன. இன்றைக்குப் பல வீடுகளில் இது தலைகீழாகிவிட்டது. காமிரா உள்ளே பார்க்கிறது, பார்ப்பவர் எங்கேயோ இருக்கிறார். இதைப் பற்றிக் கடைசியில் விரிவாகப் பேசுகிறேன். முதலில் வாங்குகிற, மாட்டுகிற விஷயங்களைப் பார்த்துவிடுவோம்.

காமிரா திருடனைப் பிடிக்காது. நடந்ததைக் காட்டும், வருகிறவனைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும், அவ்வளவுதான். ஆகையால் பணம் செலவழிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் நல்ல பூட்டு. பிறகு வெளிப்பக்கம் ஒரு கிரில் கதவு, உள்பக்கம் சங்கிலி. வாசலில் பிரகாசமான விளக்கு. அடுத்த வீட்டுக்காரரின் போன் நம்பர். இவை எல்லாம் ஆன பிறகு காமிரா. டெல்லி, மும்பை போன்ற நகரங்களில் தனியாக வசிக்கும் மூத்த குடிமக்களைப் போலீஸார் பதிவு செய்துகொள்கிறார்கள். செலவில்லாத அந்தக் காரியத்தையும் செய்துவிடுங்கள். அவசரத்துக்கு 112, முதியோர் உதவிக்கு 14567. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

நம்மில் பெரும்பாலோர் ஃபிளாட்டில் இருக்கிறோம். ஃபிளாட்டுக்கு ஒரே ஒரு வாசல். அங்கே தேவை ஒரு வீடியோ டோர் போன், அல்லது வாசலைப் பார்க்கும் ஒரு காமிரா. வீடியோ டோர் போன் என்பது அழைப்பு மணியிலேயே காமிரா வைத்தது. வந்தவர் மணி அடித்ததும் உள்ளே இருக்கும் திரையில் முகம் தெரியும், பேசலாம். இதிலேயே இன்னொரு வகை உண்டு. தனித் திரை கிடையாது, எல்லாம் செல்போனில்தான் வரும். இளைஞர்களுக்கு அது சௌகரியம். வயதானவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது சுவரில் மாட்டிய திரையோடு வருவது. சமையலறையில் ஈரக் கையோடு இருக்கும் மாமி, செல்போனைத் தேடி, கண்ணாடியைத் தேடி, செயலியைத் திறப்பதற்குள் வந்தவர் போயே போய்விடுவார். வாங்கும்போது, படத்தைப் பதிவு செய்யும் வசதியும் அதில் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

ஃபிளாட்டில் ஒரு விஷயம். உங்கள் கதவுக்கு வெளியே இருக்கும் வராந்தா உங்களுடையது அல்ல, சொஸைட்டிக்குப் பொதுவானது. மாட்டுவதற்கு முன் நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். எதிர் வீட்டுக் கதவு திறந்தால் அவர்கள் கூடம் உங்கள் திரையில் தெரியக் கூடாது. காமிராவைக் கொஞ்சம் திருப்பினாலோ, அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்கும் வசதியை உபயோகித்தாலோ தீர்ந்தது. பல காமிராக்களில் இந்த வசதி இருக்கிறது. மாட்டியதும் எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டிவிடுங்கள். அதோடு சண்டைக்கு இடமில்லாமல் போகும்.

தனி வீட்டில் இருக்கும் உறுப்பினர்கள் நான்கு இடங்களை யோசிக்க வேண்டும். கேட், முன் வாசல், பின் வாசல், மாடிப்படி. அதற்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. இங்கே மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, வைஃபை காமிரா. உள்ளேயே மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம். மாட்டுவது சுலபம், விலையும் குறைவு. வைஃபை என்று பேர் இருந்தாலும் மின்சாரத்துக்கு ஒயர் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பழைய வீட்டின் கனமான சுவர்கள் இரண்டு மூன்றைத் தாண்டினால் சிக்னல் நிற்காது. மாட்டுவதற்கு முன் உங்கள் செல்போனை அந்த இடத்தில் பிடித்து, வைஃபையில் ஒரு வீடியோ தடங்கலில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். காசில்லாத பரீட்சை.

இரண்டாவது வழி, கோஆக்ஸியல் கேபிள் இழுத்து டி.வி.ஆர். என்ற பெட்டியில் பதிவு செய்வது. ஏற்கனவே பழைய கேபிள் ஓடும் வீடுகளுக்கு இது சிக்கனம். மூன்றாவது வழி, நெட்வொர்க் கேபிள் இழுத்து என்.வி.ஆர். என்ற பெட்டியில் பதிவு செய்வது. இதில் ஒரே கேபிளில் படமும் வரும், காமிராவுக்கு மின்சாரமும் போகும். ஒரே ஓட்டமாக 100 மீட்டர் வரை இழுக்கலாம். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே குழாய் பதித்து இந்தக் கேபிளை இழுத்துவிடுங்கள். பதிவுப் பெட்டி கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. திருட வந்தவன் அதையே தூக்கிக்கொண்டு போனால் என்ன பண்ணுவது? பூட்டுகிற அலமாரியில், காற்றோட்டம் விட்டு வையுங்கள்.

கும்பகோணம் பக்கமோ பாலக்காட்டிலோ பூர்வீக வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு, சிம் கார்டும் சூரியத் தகடும் கொண்ட காமிராக்கள் இருக்கின்றன. வாங்குவதற்கு முன் அந்த வீட்டு வாசலில் எந்தக் கம்பெனி சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று அங்கே இருக்கும் ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அலாரம் வந்தால் போய்ப் பார்க்க அந்த ஊரில் ஒரு மனிதர் வேண்டும். ஆள் இல்லாமல் காமிரா மட்டும் இருந்தால், திருட்டை நேரடி ஒளிபரப்பாக நீங்கள் பார்க்கலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

இனி மெகாபிக்ஸல். 2 மெகாபிக்ஸல் காமிராவில் படத்தின் அகலம் 1920 புள்ளிகள். தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் சொல்ல வேண்டுமானால், அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது சர்வதேச அளவில் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு. 1920ஐ 250ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7.7 மீட்டர். அதாவது அதற்கு மேல் அகலமான இடத்தைக் காட்டினால் முகம் தெளிவாக இருக்காது. 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் மிக அகலமாகப் பார்க்கும். அதில் சுமார் 3 மீட்டர், பத்தடி தூரம் வரைதான் முகம் தேறும். 6 மில்லிமீட்டர் லென்ஸ் குறுகலாகப் பார்க்கும். அதில் 7 மீட்டருக்கு மேலும் தேறும். ஆகவே வாசலுக்கு 2.8, இருபது அடி தள்ளியிருக்கும் கேட்டுக்கு 6. கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ் கொடுத்தால், எல்லா இடமும் தெரியும், யார் என்று மட்டும் தெரியாது.

உயரம் முக்கியம். பத்துப் பன்னிரண்டு அடியில் மாட்டினால் வருகிறவரின் தலையும் தொப்பியும்தான் தெரியும். வாசலுக்கு ஏழு, எட்டு அடி போதும். வெளிச்சத்துக்கு எதிராக வைத்தால் முகம் கறுப்பாகத் தெரியும். வராந்தாவின் பின்னால் வெயில் அடிக்கும் இடமானால் டபிள்யூ.டி.ஆர். என்ற வசதி உள்ள காமிராவாகக் கேட்டு வாங்குங்கள். இரவில் பெரும்பாலான காமிராக்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கைப் போட்டுக் கறுப்பு வெள்ளையில் படமெடுக்கும். பக்கத்தில் வெள்ளைச் சுவரோ கண்ணாடியோ இருந்தால் அந்த ஒளி திரும்பி அடித்துப் படம் வெளுத்துவிடும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து இரவில் ஒன்றும் தெரியாது. அந்த ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்தி லென்ஸில் வலை கட்டும். மாதம் ஒருமுறை மெல்லிய துணியால் துடைப்பது உங்கள் வேலை. நம் மும்பை மழைக்கு ஐ.பி.66 அல்லது 67 என்று போட்ட காமிராவாக இருக்க வேண்டும். கேபிள் இணைப்புகளைத் திறந்து விடாமல் சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் முதலில் கெடுவது இணைப்புகள்தான்.

எத்தனை நாள் பதிவு நிற்கும்? சுலபமான கணக்கு. 2 மெகாபிக்ஸல் காமிரா விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. ஆகும். நான்கு காமிராவுக்கு ஏறக்குறைய 86 ஜி.பி. ஒரு டி.பி. டிஸ்க்கில் 11 நாள், இரண்டு டி.பி.யில் 23 நாள். ஒற்றைக் காமிராவில் 128 ஜி.பி. கார்டு போட்டால் சுமார் 6 நாள். அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யும்படி வைத்தால் இன்னும் பல நாள் வரும். நீங்கள் மூன்று வாரம் குழந்தைகளோடு இருக்க வெளியூர் போகிறவர் என்றால், திரும்பி வரும்வரை பதிவு நிற்க வேண்டும் அல்லவா? அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். டிஸ்க்கும் கார்டும் இரவு பகலாக எழுதத் தக்கதாகக் காமிராவுக்கென்றே வருவதை வாங்குங்கள்.

மின்சாரம் போனால் காமிராவும் போகும். நான்கு காமிரா, பதிவுப் பெட்டி, இன்டர்நெட் ரௌட்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 50 வாட்தான், ஒரு பழைய சீலிங் ஃபேனைவிடக் குறைவு. அந்தப் பிளக்கை இன்வர்ட்டர் லைனில் சேர்க்கச் சொல்லுங்கள். காமிராவைச் சேர்த்துவிட்டு ரௌட்டரை விட்டுவிடும் வீடுகள் பல.

இனி பாஸ்வேர்ட். 2016ல் மிராய் என்ற நாசகாரப் புரோகிராம் உலகம் முழுவதும் காமிராக்களிலும் பதிவுப் பெட்டிகளிலும் புகுந்தது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை, அதையே போட்டுப் பார்த்து உள்ளே நுழைந்தது. அந்த வருஷம் அக்டோபரில் அப்படிப் பிடித்த கருவிகளை ஏவிவிட்டுத்தான் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களைச் சில மணி நேரம் திணறடித்தார்கள். ஆகவே, மாட்டுகிறவர் கிளம்புவதற்கு முன் நான்கு காரியங்கள் செய்யுங்கள். பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். கணக்கு உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும், அவருடையதில் வேண்டாம். இரண்டாவது சரிபார்ப்பாக ஓ.டி.பி. வசதி இருந்தால் அதை இயக்குங்கள். மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில், மாட்டிக்கொடுத்தவர் தன் ஈமெயிலிலேயே கணக்கைத் திறந்திருந்தார். வீட்டுக்காரர் பார்க்கும் அத்தனையும் அவரும் பார்க்கலாம்! கெட்ட எண்ணம் இருந்திருக்காது, அவசரம்தான். ஆனாலும் விடக் கூடாது. நம் அரசாங்கமும் 2025 ஏப்ரல் முதல், சிசிடிவி காமிராக்கள் பாதுகாப்புப் பரிசோதனையில் தேறினால்தான் விற்கலாம் என்று கட்டாயம் ஆக்கியிருக்கிறது. பி.ஐ.எஸ். பதிவு எண் போட்டிருக்கிறதா என்று பார்த்து, பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால், அந்தப் பகுதி அழிந்து மேலே புதுப் பதிவு ஏறுவதற்கு முன் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய துண்டுப் படம் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் 63ஆம் பிரிவின்படி இந்த மாதிரிப் பதிவுகளைக் கோர்ட்டில் கொடுக்க ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும். போலீஸாரோ வக்கீலோ அதற்கு வழி சொல்வார்கள். மூலப் பதிவும், காமிராவில் சரியான தேதியும் நேரமும் இருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. இன்று வீட்டுக்குப் போனதும், காமிரா இருப்பவர்கள் திரையில் நேரம் சரியா என்று பாருங்கள்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். யார் பார்ப்பதற்கு?

என் உறவில் ஓர் அத்தை, எழுபத்தொன்பது வயது. அத்திம்பேர் காலமாகிவிட்டார். ஒரே பிள்ளை அமெரிக்காவில். இரண்டு வருஷம் முன்பு லீவில் வந்தவன், அம்மா தனியாக இருக்கிறாளே என்று கூடம், சமையலறை, பூஜை அலமாரி பக்கம் என்று மூன்று காமிரா மாட்டிவிட்டுப் போனான். எல்லாம் பேசும் வசதியுள்ளவை. பாசத்தில் செய்ததுதான், சந்தேகமே இல்லை. பிறகு சுவரிலிருந்து குரல் வர ஆரம்பித்தது. "அம்மா, ஸ்டூல்ல ஏறாதேன்னு எத்தனை தடவ சொல்றது?" "மணி பதினொண்ணாறது, இன்னும் சாப்பிடலையே?" "எதிராத்து மாமி ரெண்டு மணி நேரமா உக்காந்துண்டிருந்தாளே, என்ன பேச்சு?" ஒருநாள் அடுப்படியில் திடீரென்று குரல் கேட்டு, அத்தை கையிலிருந்த வெந்நீர்ப் பாத்திரம் நழுவியது. நல்லவேளை, காலில் படவில்லை.

நான் போனபோது சமையலறைக் காமிராவின் மேல் பிடிதுணி தொங்கிக்கொண்டிருந்தது. கூடத்துக் காமிராவை மறைத்துக்கொண்டு மாதக் காலண்டர். "என்ன அத்தை இது?" என்று கேட்டேன். "ஏண்டா அம்பி, கதவைச் சாத்திண்டு ஆத்துக்குள்ள இருக்கறப்போகூட தலைப்பை சரி பண்ணிண்டே இருக்கணுமா? அவன் ஆசையாத்தான் வெச்சான், எனக்குத் தெரியாதா? ஆனா எப்போ பாக்கறான், எப்போ பாக்கலைன்னு எனக்குத் தெரிய மாட்டேங்கறதே. எதிராத்து மாமி இப்போல்லாம் வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடறா" என்றாள்.

பிள்ளையோடும் பேசினேன். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. "ராத்திரி முழிப்பு வந்தா அம்மா நன்னா இருக்காளான்னு ஒரு தடவ பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரது அண்ணா. நான் என்ன பண்ணட்டும்?" என்றான். தூர தேசத்தில் பெற்ற பிள்ளைகளை வைத்திருக்கும் நமக்கு இந்தக் குரல் தெரியாதா என்ன?

மூவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். உள்ளே இருந்த மூன்றையும் எடுத்தாயிற்று. சொஸைட்டி அனுமதியோடு ஒரு காமிரா வாசலுக்கு வெளியே, கதவைப் பார்த்தபடி. சமையலறைச் சுவரில் டோர் போன் திரை. காலை ஆறு மணிக்கு அத்தை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கிறாள். அந்த அசைவுக்குப் பிள்ளையின் போனில் ஒரு படம் போய்ச் சேருகிறது. அம்மா எழுந்தாயிற்று, நடமாடுகிறாள் என்று தெரிந்துவிடுகிறது. ஏழு மணி வரை வரவில்லை என்றால் எதிராத்து மாமிக்குப் போன். அவர்களிடம் ஒரு சாவி இருக்கிறது. மிச்சப் பணத்தில் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, இரவு விளக்கு, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசரப் பொத்தான். விழுந்தவரைக் காமிரா தூக்கிவிடாது. விழாமல் பிடித்துக்கொள்ளக் கம்பி உதவும். எதிராத்து மாமி மறுபடி கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2025ல் கல்கத்தா உயர் நீதிமன்றம், ஒரே வீட்டில் சேர்ந்து வசிப்பவர்களின் சம்மதமில்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் காமிராவை இயக்கக் கூடாது என்றது. அதை எதிர்த்துப் போன மனுவை அதே வருஷம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உடை மாற்றும் இடத்திலோ குளியலறையிலோ ஒரு பெண்ணைப் படமெடுப்பது குற்றம் என்பதைச் சொல்லவே வேண்டாம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும் இது பொருந்தும். எங்கே காமிரா இருக்கிறது என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

உள்ளே காமிரா வேண்டவே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். படுத்த படுக்கையாக இருப்பவர், ஞாபகசக்தி குறைந்தவர், ஆயாவின் கையில் விட்டுப் போகும் குழந்தை என்று அவசியங்கள் வரத்தான் செய்யும். அப்போதும் படுத்திருப்பவருக்குப் புரியும் நிலையில் சம்மதம் கேளுங்கள். கவனித்துக்கொள்பவரிடம் சொல்லுங்கள். துடைத்து உடை மாற்றும் நேரத்தில் மூடி வையுங்கள். யார் யார் போனில் பார்க்கலாம் என்பதை ஒன்றிரண்டு பேரோடு நிறுத்துங்கள். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கு அந்தப் படம் போகவே கூடாது.

ஆகவே, கடைக்குப் போவதற்கு முன் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும், எந்த இடத்தில் வைத்தால் அது கிடைக்கும், யார் பார்ப்பார்கள், நிறுத்தும் சுவிட்ச் யார் கையில் இருக்கும். கடைசிக் கேள்விக்குப் பதில் அந்த வீட்டில் வசிப்பவர் என்று இருந்தால், தைரியமாக வாங்குங்கள். வெளிநாட்டில், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படித்தால், மாட்டுவதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மாட்டிய பிறகும் போன் பண்ணிப் பேசுவதை விடாதீர்கள்.

 சந்தேகம் கேட்பவர்கள் காபி சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம்.